பழைய வீடியோ கேம் பெட்டிகளில் தெளிவான படம் பெறுவது: எதைத் திறக்க வேண்டும், எதைத் திறக்க வேண்டாம்?

சூரமங்கலம் வாசி

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் மூன்று வீடியோ கேம் பெட்டிகள் உள்ளன. ஒன்று, தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடைகளில் விற்ற, கேசட் போட்டு விளையாடும் எட்டு பிட் நகல் பெட்டி. இரண்டாவது, ஜப்பானில் விற்கப்பட்ட செகா மெகா டிரைவின் முதல் மாடல். மூன்றாவது, மெலிதான பிளேஸ்டேஷன் 2. மூன்றையும் மஞ்சள் ஏவி கேபிள் வழியாகவே இணைத்து வருகிறேன். புதிய எல்இடி டிவியில் ஏவி இணைப்பே இல்லாததால், ஏவியை எச்டிஎம்ஐ ஆக்கித் தரும் சிறிய டப்பா ஒன்றை இடையில் வைத்திருக்கிறேன். படம் வருகிறது. ஆனால் எழுத்துகளின் ஓரங்கள் கரைந்து தெரிகின்றன, சிவப்பு நிறம் பக்கத்தில் வழிகிறது, பொத்தானை அழுத்திய பிறகு திரையில் அசைவு வருவதற்கும் சற்றுத் தாமதமாகிறது.

எச்டிஎம்ஐ போர்டுகளை உள்ளேயே பொருத்திக்கொள்ளலாம் என்று படித்தேன். மூன்று பெட்டிகளுக்கும் அதைச் செய்துவிடலாமா, அல்லது வேறு வழி உண்டா என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும். வீட்டில் 21 அங்குலப் பிக்சர் டியூப் டிவி ஒன்றும் நல்ல நிலையில் இருக்கிறது. அதன் பின்புறம் பச்சை, நீலம், சிவப்பு ஆகிய மூன்று காம்போனென்ட் இணைப்புகள் உள்ளன. சால்டரிங் ஓரளவு பழக்கம் உண்டு. பெட்டிகளைப் பாழாக்கிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

அஸ்தம்பட்டி சர்வீஸ்

தம்பி, போர்டு வாங்குவதற்கு முன் ஒன்றை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் இருக்கும் வீடியோ சிப் எந்த வடிவத்தில் படத்தை உருவாக்குகிறது, அந்த வடிவம் பின்பக்க இணைப்பு வரை வந்து சேர்கிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகுதான் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுக்க வேண்டும். உங்களிடம் உள்ள மூன்று பெட்டிகளுக்கும் விடை வெவ்வேறு.

மஞ்சள் கேபிளில் வெளிச்சத்தின் அளவும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து போகின்றன. இதைத்தான் காம்போசிட் என்கிறோம். நம் நாட்டின் பிஏஎல் முறையில் நிறம் 4.43 மெகாஹெர்ட்ஸ் துணை அலையிலும், ஜப்பானின் என்டிஎஸ்சி முறையில் 3.58 மெகாஹெர்ட்ஸ் துணை அலையிலும் ஏறி வருகிறது. டிவி அதை மறுபடியும் பிரித்தெடுக்கும்போது நுண்ணிய விவரம் நிறமாகவும், நிறம் புள்ளிகளாகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. நீங்கள் பார்க்கும் வழிதலும் கரைதலும் அதனால்தான் வருகின்றன. ஒரு முறை கலந்து வெளியேறிய சிக்னலை எச்டிஎம்ஐ ஆக மாற்றினாலும் அந்தக் குறை கூடவே வரும்.

முதலில் பிளேஸ்டேஷன் 2. 2000ஆம் ஆண்டு வெளிவந்த இந்தப் பெட்டியின் பின்புற இணைப்பிலேயே, வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனிக் கம்பிகளில் தரும் காம்போனென்ட் வெளியீடு இருக்கிறது. ஐந்து முனை கொண்ட காம்போனென்ட் கேபிள் ஒன்றை வாங்கி உங்கள் பழைய டிவியில் மாட்டுங்கள். பெட்டியின் சிஸ்டம் கான்ஃபிகரேஷன் பகுதிக்குப் போய், காம்போனென்ட் வெளியீடு ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக வரும் முறை) என்று இருந்தால் அதைக் காம்போனென்டுக்கு உரிய ஒய்-பிபி-பிஆர் (YPbPr) முறைக்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் படம் பச்சையாகத் தெரியும். பலர் அதைக் கேபிள் கோளாறு என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். இந்தப் பெட்டிக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை, திறக்க வேண்டாம்.

மெகா டிரைவுக்குள் ஆர்ஜிபி இருக்கிறது. பின்புறத்து எட்டு முனை டின் இணைப்பு வரையிலும் அது வந்துவிடுகிறது. அதற்கும் முதல் தேவை கேபிள்தான்.

நகல் பெட்டிதான் கடினமானது. அதைப் பற்றி நம் கன்னங்குறிச்சி நண்பர் விரிவாக எழுதுவார் என்று நினைக்கிறேன், அவர் அந்தப் போர்டுகளோடு நிறையப் பழகியவர்.

கன்னங்குறிச்சி

ஐயா குறிப்பிட்டதால் நகல் பெட்டியிலிருந்தே தொடங்குகிறேன்.

இந்தப் பெட்டிகளுக்கு மூலம், 1983இல் ஜப்பானில் நின்டென்டோ வெளியிட்ட ஃபேமிகாம். அதில் படத்தை உருவாக்கும் சிப், ரிகோ தயாரித்த 2சி02. இந்தச் சிப்பின் உள்ளே எந்தக் கட்டத்திலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனி சிக்னல் உருவாவதில்லை. நிறத்தை ஒரு கோணமாகவும் வெளிச்சத்தை ஒரு மின்னழுத்த நிலையாகவும் கணக்கிட்டு, நேரடியாகக் காம்போசிட் அலையையே 21ஆம் காலில் வெளியிடுகிறது. ஆகவே மூல ஃபேமிகாமிலேயே ஆர்ஜிபி வேண்டுமென்றால், அந்த நாற்பது கால் சிப்பைப் போர்டிலிருந்து கழற்றி, என்இஎஸ்ஆர்ஜிபி போன்ற துணைப் போர்டு ஒன்றை இடையில் வைக்க வேண்டும். அந்தப் போர்டு, சிப்புக்குப் போகும் வரும் தகவல்களைக் கவனித்துப் படத்தைத் தனியாக ஆர்ஜிபியில் மறுபடியும் கட்டுகிறது. அப்படிக் கிடைக்கும் நிறங்கள்கூட ஒருவர் தேர்ந்தெடுத்த நிற அட்டவணையைச் சார்ந்தவையே. மூலச் சிப்பில் நிறங்களுக்கு ஆர்ஜிபி எண்களே இல்லாததால், எந்த அட்டவணை சரியானது என்ற விவாதத்துக்கு முடிவும் இல்லை.

நம் ஊர் நகல் பெட்டிகளைத் திறந்தால், பெரும்பாலானவற்றில் போர்டின் நடுவில் கருப்புப் பசை வட்டம் ஒன்று மட்டும் இருக்கும். செயலியும் வீடியோ சிப்பும் அந்த ஒரே வில்லைக்குள் சேர்ந்துவிட்டன. மேற்சொன்ன துணைப் போர்டு கவனிக்க வேண்டிய இணைப்புகள் எல்லாம் பசைக்குள் புதைந்துகிடக்கின்றன. எனவே அதில் ஆர்ஜிபியும் எடுக்க முடியாது, எச்டிஎம்ஐயும் எடுக்க முடியாது. முடியும் என்று யாராவது பணம் கேட்டால், காம்போசிட்டை மாற்றும் அதே மலிவு டப்பாவைத்தான் உள்ளே ஒட்டித் தருவார்.

ஆனால் அந்தப் பெட்டியின் காம்போசிட்டையே நன்றாக எடுக்கலாம். சில மாடல்களில் ஆன்டெனா இணைப்பு மட்டுமே இருக்கும். அவற்றில் வெள்ளித் தகர டப்பா போன்ற ஆர்எஃப் மாடுலேட்டருக்குள் நுழையும் முன்பே வீடியோவும் ஆடியோவும் தனித்தனியாக வந்து நிற்கின்றன. அங்கிருந்து ஒரு பிஎன்பி டிரான்சிஸ்டர், சில ரெசிஸ்டர்கள், 220 மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஒன்று ஆகியவற்றைக் கொண்டு சிறிய பஃபர் அமைத்து ஏவியாக வெளியே கொண்டுவரலாம். உங்கள் பெட்டியில் ஏவி ஏற்கெனவே இருந்தால், அடாப்டரையும் மின்சுத்திகரிப்புக் கண்டன்சர்களையும் மாற்றிப் பாருங்கள். படத்தில் சாய்வாக ஓடும் கோடுகளும் பூச்சி ஊர்வதுபோன்ற இரைச்சலும் பெரும்பாலும் மலிவு அடாப்டரிலிருந்து வருபவை, வீடியோ பகுதிக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

மெகா டிரைவைப் பற்றி இரண்டு செய்திகள். முதல் மாடலின் பின்புற இணைப்பில் மோனோ ஒலி மட்டுமே வரும். ஸ்டீரியோ முன்பக்க ஹெட்போன் இணைப்பில்தான் கிடைக்கும். ஆகவே அதற்கென்று தனியாக ஒரு வால் விட்ட கேபிளாகப் பாருங்கள். அடுத்து, ஆர்ஜிபிக்கு மாறியதும் தட்டையான நிறப் பரப்புகளில் மெல்லிய செங்குத்துக் கோடுகள் தெரியலாம். ஆர்ஜிபியைக் காம்போசிட்டாகவும் ஆக்கித் தரும், சோனியின் சிஎக்ஸ்ஏ 1145 போன்ற என்கோடர் சிப் வழியாக வரும்போது சேரும் இரைச்சல் அது. அது உண்மையாகவே உங்களை உறுத்தினால், வீடியோ சிப்பிலிருந்து ஆர்ஜிபியை நேரே எடுத்து டிஎச்எஸ் 7374 பெருக்கி வழியாக அனுப்பும் பைபாஸ் போர்டு பொருத்தலாம். கேபிளை மட்டும் மாற்றிச் சில வாரங்கள் விளையாடிய பிறகு அதை முடிவு செய்யுங்கள்.

ஏற்காடு எஸ்டேட்

நான் சற்று மாறுபட்ட கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். இந்த விளையாட்டுகளை வரைந்தவர்கள் ஆர்ஜிபி மானிட்டரில் மட்டும் பார்த்து வரையவில்லை. வீடுகளில் காம்போசிட்டிலும் ஆன்டெனாவிலும்தான் அது தெரியும் என்பதை அறிந்தே வரைந்தார்கள். 1991இல் வந்த சோனிக் விளையாட்டின் அருவியைப் பாருங்கள். ஒன்றுவிட்டு ஒரு செங்குத்து வரியாகத்தான் அந்தத் தண்ணீர் வரையப்பட்டிருக்கிறது. காம்போசிட்டில் அந்த வரிகள் ஒன்றோடொன்று கலந்து, பின்னால் உள்ள பாறை தெரியும் தண்ணீராகிவிடுகின்றன. ஆர்ஜிபியில் பார்த்தால் கம்பி வேலி போலத் தெரிகிறது. மெகா டிரைவால் ஒளி ஊடுருவும் படங்களை எளிதில் காட்ட முடியாததால், கலைஞர்கள் கேபிளின் குறையையே ஒரு கருவியாகப் பயன்படுத்தினார்கள். அதை நீக்கிவிட்டு மேம்பாடு என்று சொல்வது எனக்கு முழுமையாக உடன்பாடில்லை.

அதனால் நான் எந்தப் பெட்டியையும் திறக்காமல், பிக்சர் டியூப் டிவியில் பார்க்கிறேன். சூரமங்கலம் நண்பரிடம் அப்படி ஒரு டிவி இருக்கும்போது, புதிய டிவிக்காக இவ்வளவு சிரமப்பட வேண்டுமா என்று யோசிக்கச் சொல்வேன்.

இன்னொன்று, மலையில் இருப்பவர்களுக்காக. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழைக்காலத்திலும் அதன் பின்வரும் பனி மாதங்களிலும் வீட்டுக்குள்ளேயே ஈரம் நிற்கும். கேசட்டின் செம்புப் பற்களும் பெட்டியின் இணைப்பும் களிம்பேறிவிடுகின்றன. உடனே கேசட்டில் வாயால் ஊதும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. மூச்சின் ஈரம் களிம்பை அதிகப்படுத்தும் என்பதால் அதைக் கைவிட வேண்டும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, காய்ந்த பிறகு போடுங்கள். உருவங்கள் சிதறித் தெரிவதும் தாறுமாறான எழுத்துகள் வருவதும் இந்தத் தொடர்புக் கோளாறால்தான், வீடியோ வெளியீட்டைத் திருத்துவதால் அது சரியாகாது.

கன்னங்குறிச்சி

ஏற்காடு நண்பரின் அருவி எடுத்துக்காட்டை நான் ஏற்கிறேன், அது மறுக்க முடியாதது. ஆனால் அதே விளையாட்டில் எண்களையும் எழுத்துகளையும் சிறிய எதிரிகளையும் பாருங்கள், அவை காம்போசிட்டில் இழக்கும் விவரம் அதிகம். மெகா டிரைவின் 320 புள்ளி அகலப் படம், என்டிஎஸ்சி துணை அலையோடு மோதி, வானவில் பட்டைகளாக நிறம் பூசிவிடுகிறது. எந்தக் கலைஞரும் அந்தப் பட்டைகளை எண்ணி வரைந்திருக்க மாட்டார். ஆர்ஜிபிக்கு மாறினாலும் பழைய காம்போசிட் இணைப்பு அப்படியே இருக்கும் என்பதால், கேபிள் அளவில் செய்யும் மாற்றத்தில் இரண்டையும் வைத்துக்கொள்ள முடியும். நான் அதை விரும்புவதற்கு இதுவே பெரிய காரணம்.

எல்இடி டிவியில் ஏற்படும் தாமதத்துக்கு வேறு காரணம் உண்டு. மெகா டிரைவும் நகல் பெட்டியும் அனுப்புவது 240 வரிகளை ஒரே மூச்சில் வரையும் 240பி படம், ஐம்பது ஹெர்ட்ஸ் பெட்டிகளில் 288பி. புதிய டிவிகளும் மலிவு டப்பாக்களும் அதை ஒற்றை வரி, இரட்டை வரி என்று மாறி மாறி வரும் 480ஐ என்று எண்ணிக்கொண்டு, இரண்டு படங்களை ஒன்றாக்க முயல்கின்றன. அந்த வேலையில் நேரமும் தெளிவும் போகின்றன. ஓஎஸ்எஸ்சி, ரெட்ரோடிங்க் போன்ற கருவிகள் 240பியை 240பி என்றே அறிந்து, ஒவ்வொரு வரியையும் இரண்டாகவோ அதற்கு மேலாகவோ பெருக்கி அனுப்புவதால் தாமதம் ஏறக்குறைய இல்லாமல் போகிறது.

விலை கட்டுப்படியாகாதவர்களுக்கு ஜிபிஎஸ் (GBS) 8200 என்ற போர்டைப் பரிந்துரைக்கிறேன். ஆர்கேட் இயந்திரங்களின் படத்தை விஜிஏ மானிட்டருக்கு மாற்றுவதற்காக வந்த போர்டு அது. அதன் சொந்த மென்பொருள் 240பியை ஒழுங்காகக் கையாளாது. ஆனால் அதிலுள்ள ட்ரூவியூ 5725 சிப் திறமையானது. இஎஸ்பி 8266 என்ற சிறிய வைஃபை மாட்யூல் ஒன்றை இணைத்து, ஜிபிஎஸ் கன்ட்ரோல் என்ற திறமூல மென்பொருளை ஏற்றினால், அந்தச் சிப்பை நேரடியாக இயக்கி மிக நல்ல படத்தைப் பெறலாம். அமைப்புகளைக் கைபேசியின் பிரௌசரிலேயே மாற்றலாம். இங்கே சால்டரிங் நடப்பது அந்தப் போர்டில்தான், உங்கள் மெகா டிரைவை யாரும் தொடுவதில்லை.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை

எங்கள் குடும்பம் வெள்ளிக் கொலுசுத் தொழிலில் இருக்கிறது, நான் பொழுதுபோக்காக எலெக்ட்ரானிக்ஸ் செய்கிறேன். சால்டரிங் பழக்கம் உண்டு என்று சூரமங்கலம் நண்பர் எழுதியிருப்பதால் இதைச் சொல்லத் தோன்றியது.

பட்டறையில் கொலுசை ஊதிப் பற்றவைப்பதற்கு வெண்காரமும் திறந்த சுடரும் பயன்படுத்துகிறோம். அந்தப் பழக்கத்தில் வருபவர்கள் போர்டிலும் சூட்டைத் தாராளமாகக் காட்டிவிடுகிறார்கள். நகல் பெட்டிகளின் போர்டு பழுப்பு நிறமான, காகிதமும் பிசினும் சேர்ந்த பலகை. செம்புத் தடம் அதன் மேல் லேசாகத்தான் ஒட்டியிருக்கிறது. ஒரே இடத்தில் அயர்னை ஊன்றி வைத்தால் தடம் உரிந்து எழுந்துவிடும். சூடு கட்டுப்படுத்தக்கூடிய அயர்னை 350 டிகிரிக்கு மேல் போகாமல் வைத்து, முனையைச் சுத்தமாக ஈயம் பூசி, தொட்டு எடுக்க வேண்டும். ஈயம் உருகவில்லை என்றால் சூட்டை ஏற்றாமல், ரோசின் ஃப்ளக்ஸ் சேர்த்துப் புதிய ஈயத்தைக் கொஞ்சம் கொடுத்துப் பாருங்கள். தகர வேலைக்கு விற்கும் அமில ஃப்ளக்ஸைப் போர்டில் ஒருபோதும் போடாதீர்கள். வேலை முடிந்தபோது பளபளவென்று இருக்கும், பிறகு உள்ளுக்குள் தடத்தைத் தின்றுவிடும்.

நாற்பது கால் சிப்பைக் கழற்றும் வேலையை உறிஞ்சும் பம்பு உள்ள டீசால்டரிங் நிலையம் இல்லாமல் தொடங்க வேண்டாம். ஒரு காலின் தடம் பிய்ந்தால்கூட அந்தப் பெட்டியில் படம் வராமல் போகலாம்.

சூரமங்கலம் வாசி

அனைவருக்கும் நன்றி. அஸ்தம்பட்டி ஐயா சொன்னபடி பிளேஸ்டேஷன் 2க்குக் காம்போனென்ட் கேபிள் வாங்கிப் பழைய டிவியில் இணைத்துவிட்டேன். எழுத்துகள் கூர்மையாகத் தெரிகின்றன, சிவப்பு வழிவதே இல்லை. பெட்டியைத் திறக்காமலே இவ்வளவு மாற்றம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நகல் பெட்டியைக் காம்போசிட்டிலேயே விட்டு, கண்டன்சர்களை மட்டும் மாற்றப் போகிறேன்.

மெகா டிரைவை அதே பிக்சர் டியூப் டிவியில் ஆர்ஜிபியில் பார்க்க வழி இருக்கிறதா? டிவியில் ஸ்கார்ட் இணைப்பு இல்லை. டிவிக்குள்ளேயே ஆர்ஜிபி கம்பி இழுத்துத் தருபவர்கள் இருக்கிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன்.

அஸ்தம்பட்டி சர்வீஸ்

ஸ்கார்ட் என்பது ஐரோப்பிய டிவிகளில் வழக்கமாக இருந்த இணைப்பு, நம் ஊர் டிவிகளில் அதைத் தேட வேண்டாம். வெளிநாட்டு நண்பர்கள் எழுதுவதைப் படித்து நம்மவர்கள் ஸ்கார்ட் கேபிளை வரவழைத்துவிட்டு, எங்கே சொருகுவது என்று கேட்கிறார்கள். உங்களிடம் காம்போனென்ட் இருப்பதால், ஆர்ஜிபியைக் காம்போனென்டாக மாற்றும் டிரான்ஸ்கோடர் போர்டு ஒன்று போதும். அது வரிகளின் எண்ணிக்கையைத் தொடுவதில்லை, தாமதமும் இல்லை, டியூபில் அதே 240பி படம் வரும். உங்களுடையது ஜப்பானியப் பெட்டி என்பதால் இன்னொரு நன்மையும் உண்டு. என்டிஎஸ்சி நிறம் தெரியாத பழைய பிஏஎல் டிவிகளில் காம்போசிட் படம் கருப்பு வெள்ளையாக வரும். காம்போனென்டில் துணை அலையே இல்லாததால் அந்தச் சிக்கல் எழாது.

டிவிக்குள் கம்பி இழுப்பது செய்யக்கூடியதுதான். திரையில் சேனல் எண்ணைக் காட்டுவதற்காக டிவியின் முக்கியச் சிப்புக்கு ஆர்ஜிபி உள்ளீடு உண்டு, அந்த இடத்தில் பெட்டியின் சிக்னலைச் செலுத்துவார்கள். ஆனால் டியூபின் ஆனோடில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் நிற்கிறது, அணைத்த பிறகும் மின்னேற்றம் தங்கியிருக்கும். ஆன்டெனா இணைப்பு மட்டுமே உள்ள சில பழைய செட்டுகளில் சேசிஸே (உள்ளிருக்கும் சர்க்யூட்டின் பொது இணைப்பே) மெயின் மின்சாரத்தோடு தொடர்பில் இருக்கும். அதில் கம்பி இழுத்து வெளியே கொண்டுவந்தால், கேம் பெட்டியைத் தொடுபவருக்கு ஷாக் அடிக்கும். டிவி சர்வீஸ் தொழிலாகக் கற்றவர் நேரில் பார்த்துச் சேசிஸ் தனிமைப்படுத்தப்பட்டது என்று உறுதி செய்யாமல் அந்த வேலைக்குப் போகக் கூடாது. காம்போனென்ட் உள்ள டிவியை வைத்துக்கொண்டு அதற்குப் போகவே தேவையில்லை.

அடாப்டரையும் பாருங்கள். ஜப்பானிய அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது, நம் 230 வோல்ட்டில் நேரே சொருகினால் புகைந்துவிடும். மாற்று அடாப்டர் வாங்கும்போது, முதல் மாடல் மெகா டிரைவுக்கு நடுமுனை நெகட்டிவ், இரண்டாம் மாடலுக்கு நடுமுனை பாசிட்டிவ் என்பதைக் கவனியுங்கள். வாங்கிய அடாப்டரை மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்த பிறகே மாட்டுங்கள்.

சூரமங்கலம் வாசி

டிரான்ஸ்கோடர் வாங்க முடிவு செய்துவிட்டேன், ஐயா. கேபிளை நானே கட்டலாம் என்று நினைக்கிறேன். படம் திரையில் நிலையாக நிற்க நேரக் குறிப்பு தரும் சிங்க் கம்பிக்குக் காம்போசிட் வீடியோவை எடுப்பதா, தனி சிங்க் முனையை எடுப்பதா?

கன்னங்குறிச்சி

தனி சிங்க் முனையையே எடுங்கள். காம்போசிட்டைச் சிங்க்காகப் பயன்படுத்தினால், பட விவரம் அடங்கிய அந்தக் கம்பியின் சிக்னல் பக்கத்து ஆர்ஜிபி கம்பிகளில் கசிந்து, கட்டம் கட்டமாக மெல்லிய இரைச்சல் தெரியும். ஆனால் தனி சிங்க் முனையின் அளவு டிடிஎல் நிலையில் (டிஜிட்டல் சிப்புகளின் 5 வோல்ட் அளவில்) இருப்பதால் அதை அப்படியே அனுப்பக் கூடாது. கம்பியில் தொடராக 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்து, 75 ஓம் முடிவு கொண்ட உள்ளீட்டுக்குத் தகுந்த அளவாகக் குறைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றிலும் தலா 220 மைக்ரோஃபாரட் கண்டன்சர் தொடராக வர வேண்டும், அவற்றின் பாசிட்டிவ் முனை பெட்டியின் பக்கம் இருக்கட்டும். ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனி உறை உள்ள 75 ஓம் கோஆக்சியல் வயராக வாங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே உறைக்குள் திணித்த கேபிளில் படத்தின் வெளிச்சம் மாறும்போதெல்லாம் ஸ்பீக்கரில் ஒரு ரீங்காரம் கேட்கும். டின் பிளக்குக்குள் இடம் போதாது என்பதால், ரெசிஸ்டரையும் கண்டன்சர்களையும் டிரான்ஸ்கோடர் பக்கத்தில் ஒரு சிறிய பெட்டிக்குள் வைத்துக் கட்டுங்கள். பிளக்கில் முனைகளை எண்ணும்போது சொருகும் பக்கத்திலிருந்து பார்க்கும் வரைபடமா, சால்டர் செய்யும் பக்கத்திலிருந்து பார்க்கும் வரைபடமா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். 5 வோல்ட் முனையும் அதே இணைப்பில்தான் இருக்கிறது.